பயறு முளைத்தால் போதுமா? பிள்ளைகளோடு பழம் வளர்த்த அனுபவம்

முன்பள்ளிகளில் வருடா வருடம் செய்யும் செயற்பாடு ஒன்று இருக்கிறது. யோகட் கோப்பைக்குள் ஈரப் பஞ்சை வைத்து அதன்மேல் நாலு பயறு போடுவது. இரண்டு மூன்று நாளில் முளை வரும். பிள்ளைகள் கை தட்டுவார்கள், அம்மாமார் படம் எடுப்பார்கள். அடுத்த கிழமை அது வாடி, மணக்கத் தொடங்கி, குப்பைக்குப் போய்விடும். விதை முளைக்கும் என்பதைப் பிள்ளை கண்டுவிட்டது, சரி. ஆனால் அது சாப்பாடு ஆனதைக் காணவே இல்லை. பஞ்சில் முளைத்த பயறுக்கும் அம்மா அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுத் தரும் பயறுக்கும் இடையில் என்ன நடந்தது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது.

நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கும் சிறிய முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் அடுக்குமாடி வீடுகளில் வளர்கிறவர்கள். எங்களிடம் இருப்பது ஒரு சீமெந்து முற்றமும், மதிலோரமாக ஒரு முழ அகலத்தில் கொஞ்ச மண்ணும்தான். அதில் சில வருடங்களாகப் பிள்ளைகளோடு சேர்ந்து பழம் வளர்க்கிறோம். இதே மாதிரிச் சின்ன இடம் வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதிய பிள்ளைகள் வந்ததும் ஒரு பப்பாசிப்பழத்தை நடுவில் வைத்து, இது எங்கேயிருந்து வருகிறது என்று கேட்பேன். ஃபிரிட்ஜில் இருந்து என்பார்கள், சூப்பர் மார்க்கெட்டில் இருந்து என்பார்கள். ஒரு மகன், "லொறியில இருந்து, டீச்சர்" என்று சொன்னான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அது நல்ல பதிலாகப் பட்டது. கொழும்பு லொறியில் வருவதைத்தான் சாப்பிடுகிறது. புறக்கோட்டையில் பல காலம் இயங்கிய மெனிங் சந்தை 2020இல் பேலியகொடைக்குப் போனது. இரவில் அங்கே வந்து இறங்கும் மரக்கறியும் பழமும் விடிவதற்குள் நகரம் முழுக்கப் பரவிவிடும். அதனால் "தவறு" என்று சொல்லாமல், "லொறிக்குள் ஏற்றினது யார்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன். இன்றைக்கும் அந்த வரிசையில்தான் தொடங்குகிறேன். பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் நின்று, ஒவ்வொரு படியாகப் பின்னுக்குப் போவது.

கீரை வளர்த்தால் ஒரு மாதத்துக்குள் சாப்பிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வளர்க்கலாம், நாங்களும் வல்லாரை வைத்திருக்கிறோம். ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்குக் கீரையில் காண்பதற்கு அதிகம் இல்லை. சின்ன இலை பெரிய இலையாகிறது, அவ்வளவுதான். பிறகு அது சட்டிக்குள் போய் வேறு நிறத்தில் வருகிறது. பழம் அப்படி இல்லை. பூ வருகிறது, வண்டு வருகிறது, பூ உதிர்ந்த இடத்தில் ஒரு சின்னப் பச்சை உருண்டை நிற்கிறது, அது பெருக்கிறது, நிறம் மாறுகிறது, கையில் எடுத்துச் சமைக்காமலே சாப்பிடலாம். சாப்பிட்டு முடிய உள்ளே மறுபடியும் விதை இருக்கிறது. முழுக் கதையையும் பிள்ளை தன் கண்ணால் காணக்கூடிய சாப்பாடு பழம்தான்.

நாங்கள் தொடங்கியது 2022இல். அந்த வருடத்தை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மா இல்லை. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத் தோட்டம் செய்யச் சொன்ன காலம். கொழும்பில் வெறும் நிலம் கண்ட இடமெல்லாம் மரவள்ளித் தடி நட்டார்கள். பிள்ளைகளும் அந்த வரிசைகளில் நின்றவர்கள், வீட்டில் பெரியவர்கள் கதைத்ததைக் கேட்டவர்கள். சாப்பாடு தானாக வராது என்பது அவர்களுக்குப் பயமாகத்தான் தெரிந்திருந்தது. அதே விஷயத்தை மண்ணோடும் தண்ணீரோடும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் வைத்தது பப்பாசி. விதையிலிருந்து பழம் வரை எட்டு முதல் பத்து மாதம் பிடிக்கும், தொட்டியில் வைத்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். முன்பள்ளிப் பிள்ளைக்கு அது மிக நீண்ட காலம். விதை போட்ட பிள்ளை பழம் வருவதற்குள் முதலாம் வகுப்புக்குப் போய்விடக்கூடும். இதற்கு நாங்கள் கண்ட வழி, வெவ்வேறு வயதுக் கன்றுகளை ஒரே நேரத்தில் வைத்திருப்பது. காய் நிற்கும் மரம் ஒன்று, பூக்கும் கன்று ஒன்று, இப்போதுதான் முளைத்த நாற்றுகள் சில. முதல் தடவை தொடங்குகிறவர்கள் கன்று விற்கும் இடத்தில் கொஞ்சம் வளர்ந்த ஒன்றை வாங்கி வையுங்கள், பக்கத்திலேயே விதையும் போடுங்கள். பிள்ளை நாற்றைப் பார்த்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்க்கும். "இது பெரிசானா அது மாதிரி வருமா?" என்று கேட்கும்போது பாதிப் பாடம் முடிந்துவிடும்.

விதை போடும் விஷயத்தில் எங்களுக்கு வழி காட்டியவர் ஒரு பிள்ளையின் அம்மம்மா. பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவர், நாங்கள் பழத்திலிருந்து விதையைத் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளை, அந்த வழுவழுப்போட போட்டா முளைக்க நாள் எடுக்கும். சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்கோ, பிறகு நிழலில காய விடுங்கோ" என்றார். அவர் சொன்னது சரிதான். பப்பாசி விதையைச் சுற்றியிருக்கும் பசை போன்ற தோல் முளைப்பதைத் தடுக்கும். இப்போது இதையே பாடமாகச் செய்கிறோம். பாதி விதையைக் கழுவாமல் ஒரு பெட்டியிலும், பாதியைக் கழுவித் தேய்த்து இன்னொரு பெட்டியிலும் போடுகிறோம். விதையை விரலால் பிதுக்கி அந்தத் தோலை உடைப்பது பிள்ளைகளுக்கு அப்படியொரு விருப்பம். கழுவியவை பெரும்பாலும் இரண்டு மூன்று கிழமைக்குள் முளைத்துவிடும். எந்தப் பெட்டி முந்துகிறது என்று காலையில் வந்து பையைக்கூடக் கழற்றாமல் பார்க்கப் போவார்கள்.

பப்பாசியில் ஆண் மரமும் வரும். நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூத் தொங்கும், காய் பிடிக்காது. அதனால் ஒரே இடத்தில் நாலைந்து கன்று வளர விட்டு, பூ வந்த பிறகு காய்க்கும் மரத்தை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. "ரெட் லேடி" மாதிரிக் கலப்பின வகையின் பழத்திலிருந்து எடுத்த விதை, தாய் மரத்தைப் போலவே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வரும் பழம் வேறு மாதிரி இருக்கலாம். பிள்ளைகளுக்கு அது ஒரு குறையே இல்லை.

தொட்டிக்கு, பெரிய பிளாஸ்டிக் பரலைக் குறுக்கே வெட்டிய பாதி போதும். அடியில் நிறைய ஓட்டை போட்டு, இரண்டு செங்கல்லுக்கு மேல் தூக்கி வையுங்கள். மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் கலந்து நிரப்பலாம். பப்பாசியின் வேர் தண்ணீரில் நின்றால் மரம் மிக விரைவில் அழுகிச் சாய்ந்துவிடும். மே மாத மழையும் ஒக்டோபர், நவம்பர் மழையும் கொழும்பில் எப்படி ஊற்றும் என்று சொல்லத் தேவையில்லை. கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து இலையைக் கருக்கும். மேற்குப் பக்கம் மதிலோ சுவரோ மறைக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள்.

இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாப்பூச்சி வந்தால், தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி, சவர்க்காரத் தண்ணீர் தெளிக்கிறோம். பப்பாசியைத் தாக்கும் இந்தப் பூச்சி 2008 அளவில் இலங்கைக்குள் வந்து தோட்டங்களை நாசமாக்கியது. அதன் உடம்புக்குள் முட்டையிடும் ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், மறுபடி மறுபடி கேட்பார்கள்.

இனிக் கொடித்தோடை. என்னைக் கேட்டால், ஒரு பூ எப்படிப் பழமாகிறது என்று காட்ட இதைவிட நல்ல செடி கொழும்பில் கிடையாது. பூ பெரியது, பிள்ளையின் உள்ளங்கை அளவு. உறுப்புகள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். மகரந்தம் உள்ளவை ஐந்து, அதற்கு மேலே மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி மூன்று. எண்ணத் தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் எண்ணிவிடுவார்கள். ஊதாப் பழம் தரும் வகையின் பூ அதிகாலையிலேயே விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். எங்கள் மதிலில் படர்ந்திருப்பது மஞ்சள் வகை. அது நடுப்பகலில்தான் விரியும். முன்பள்ளி விடும் நேரமும் அதுதான். வானுக்காகக் காத்து நிற்கும் பிள்ளைகள் மொட்டு திறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மஞ்சள் வகையில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. ஒரே கொடியின் இன்னொரு பூவிலிருந்து எடுத்தாலும் பிடிக்காது, வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். தோட்டங்களில் பெரிய கருவண்டு இதைச் செய்யும். கொங்கிரீட் நடுவில் இருக்கும் எங்களிடம் அது எப்போதாவதுதான் வரும். அதனால் தெஹிவளையில் இருந்து வரும் ஒரு பிள்ளையின் அப்பா தங்கள் வீட்டுக் கொடியின் பூவைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தருவார். மொட்டாகப் பறித்து வந்தால், நடுப்பகலில் இங்கேயே விரிந்துவிடும். பின்னேரம் வரை நிற்கும் பிள்ளைகள் ஓவியத் தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு எங்கள் பூவில் தடவுவார்கள். பூ விரிந்த உடனே செய்யக்கூடாது. சூல்முடி மூன்றும் முதலில் மேல்நோக்கி நிற்கும், ஒரு மணித்தியாலம் அளவில் கீழே வளைந்து வரும். வளைந்த பிறகு தடவினால்தான் பலன். "இப்ப குனிஞ்சிட்டுது, டீச்சர்!" என்று கூப்பிடும் குரல் கேட்ட பிறகுதான் தூரிகையை எடுத்துக் கொடுப்பேன்.

தடவிய பூவின் காம்பில் கம்பளி நூல் கட்டுகிறோம். தடவாத பூவுக்கு நூல் இல்லை. அடுத்த ஓரிரு நாளில் நூல் இல்லாதவை உதிர்ந்து விழும். நூல் கட்டியவற்றிலும் சில விழும். நின்றவை கிடுகிடுவென்று பெருக்கும். எல்லாப் பூவும் காயாவதில்லை, எல்லாக் காயும் பழமாவதில்லை என்பதை நான் வாயால் சொல்லத் தேவையே இருக்கவில்லை. தன் நூல் விழுந்த பிள்ளை அழும். அழட்டும், பக்கத்தில் இருந்து சமாதானப்படுத்தலாம். ஆனால் இரவில் போய் இன்னொரு காயில் அந்த நூலைக் கட்டிவிடுவது மட்டும் வேண்டாம். ஒரு கமக்காரர் ஒவ்வொரு போகமும் பார்ப்பதைத்தான் அந்தப் பிள்ளை பார்க்கிறது.

பூவிலிருந்து பழம் வர இரண்டு, இரண்டரை மாதம். பழுத்தால் தானாக விழும். விழுந்ததை மட்டும் எடுக்கலாம் என்பது எங்கள் சட்டம். அதற்குக் காரணமும் இருக்கிறது. பழுக்காத கொடித்தோடைக் காயிலும் இலையிலும் நச்சுத்தன்மை உண்டு. பப்பாசிக் காயின் பால் தோலில் பட்டால் சில பிள்ளைகளுக்கு எரியும். எனவே எதையும் வாயில் வைக்க முதல் பெரியவரிடம் கேட்க வேண்டும் என்பதை முதல் நாளிலிருந்தே பழக்குகிறோம். மண்ணைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். றம்புட்டான் காலத்தில் கொட்டையை நாங்களே எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம், திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுப்போம். சின்னத் தொண்டைக்குள் இரண்டும் அடைத்துக்கொள்ளும்.

கொழும்பில் தொட்டி வைக்கிற யாரும் டெங்குவை நினைக்காமல் இருக்க முடியாது. நுளம்பு முட்டையிட்டு, புழுவாகி, பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகவே தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதே இல்லை. தண்ணீர் வாளியைக் கவிழ்த்துத்தான் வைப்போம். அன்னாசித் தலையை வெட்டி நட்டால் அழகாக வளரும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அதன் இலையிடுக்கில் தண்ணீர் தேங்கும் என்பதால் நாங்கள் அன்னாசி வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பிள்ளைகள் "தண்ணீர்ப் பரிசோதகர்" ஆவார்கள். முற்றம் முழுக்கத் தண்ணீர் தேங்கிய இடம் தேடுவது அவர்கள் வேலை. ஒரு சிரட்டையையும் விடமாட்டார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தபோது அவருக்கே முற்றத்தைச் சுற்றிக் காட்டினார்கள். வீட்டுக்குப் போய்ப் பல்கனியையும் பார்க்கிறார்கள் என்று அம்மாமார் சொல்கிறார்கள்.

தேசிக் கன்று ஒன்றும் இருக்கிறது. அதில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு வந்தது. வளர்ந்து பச்சையானது. தொட்டால் தலையிலிருந்து செம்மஞ்சள் கொம்பை நீட்டி ஒரு மணம் விட்டது. இலையை வேகமாகத் தின்றது. அப்புறம் வகுப்பில் பெரிய விவாதம். புழுவை எடுத்து எறிய வேண்டும் என்று சிலர், அதற்கும் பசிக்கும்தானே என்று சிலர். கடைசியில் ஒரு கிளையைப் புழுவுக்கு விடுவது என்று முடிவானது. மற்றக் கிளையில் ஏறியதை எடுத்து அந்தக் கிளையில் விடுவார்கள். கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்தும் போனது. நச்சு மருந்து அடித்து வளர்த்திருந்தால் இந்தப் பேச்சே நடந்திருக்காது. அணிலோடும் குயிலோடும் அந்தளவு தாராளம் காட்ட முடியாது, பப்பாசி மஞ்சள் பிடிக்கத் தொடங்கியதும் வலைப்பை கட்டிவிடுகிறோம்.

பழம் வெட்டும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பப்பாசியை இத்தனை பிள்ளைக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு துண்டு வரும். அந்த ஒரு துண்டு போதும். பப்பாசி மணமே பிடிக்காத பிள்ளைகள் உண்டு. ஒருவரையும் வற்புறுத்துவதில்லை. தண்ணீர் ஊற்றியவர் நீங்கள்தான், விரும்பினால் நாக்கில் வைத்துப் பாருங்கள் என்பதோடு விட்டுவிடுவோம். சிலர் வைத்துப் பார்க்கிறார்கள், சிலர் பார்ப்பதில்லை. கொஞ்சம் தேசிப்புளி விட்டால் கூடுதலானோர் சாப்பிடுகிறார்கள்.

இதோடு சுவரில் ஓர் இலங்கைப் படமும் இருக்கிறது. வீட்டில் சாப்பிடும் பழம் எங்கே விளைந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு வந்து ஒட்டுவது பிள்ளைகளின் வேலை. யாழ்ப்பாணத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் திராட்சையும், மல்வானையில் றம்புட்டான், களுத்துறையில் மங்குஸ்தான், நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி. அப்பிளுக்கு நாட்டுக்குள் இடம் இல்லாததால் கடலில் ஒரு கப்பல் வரைந்து அதில் ஒட்டினார்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்றால் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் தெரியும், ஆகவே அது அவர்களுக்குச் சுலபமாக விளங்கியது. ஒரு பழத்துக்கு எவ்வளவு காலம் எடுக்கிறது என்று முற்றத்தில் பார்த்த பிள்ளைகள், சந்தையில் நிற்கும் பழ வியாபாரி அக்காவிடம் இப்போது வேறு மாதிரிக் கேள்விகள் கேட்கிறார்கள். இதை வளர்த்தது யார், அங்கே மழை பெய்ததா என்றெல்லாம். அந்தக் கேள்விகளுக்காகத்தான் இவ்வளவும் செய்கிறேன்.

முற்றம் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று பெற்றோர் அடிக்கடி கேட்பார்கள். பல்கனியில் நாளுக்கு ஐந்தாறு மணித்தியாலம் வெயில் விழுந்தால் ஒரு தேசிக் கன்று வையுங்கள். விதையிலிருந்து வளர்த்தால் காய்க்கப் பல வருடம் எடுக்கும், ஒட்டுக்கன்று விரைவில் காய்க்கும். வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், பூவோ பிஞ்சோ இருக்கும் கன்றை அது தெரிவு செய்யட்டும். வீட்டில் நாளாந்தம் தேசிக்காய் பிழிகிறோம் என்பதால் பிள்ளைக்கு அதன் பயன் ஏற்கெனவே தெரியும். ஒன்றரை அடி அகலத் தொட்டி போதும். ஊற்றும் தண்ணீர் கீழ்வீட்டுக்காரரின் உடுப்புக் கொடியில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் காய்ப்பில் இரண்டு தேசிக்காயைப் பிள்ளையின் கையில் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். நீங்கள் ஊருக்குப் போகும் நாட்களில் தண்ணீர் ஊற்ற ஆளும் கிடைத்துவிடும்.